பர்ஃபெக்ட் கேம்: தளந்தொடா ஆட்டமா, தளமேறா ஆட்டமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் பேஸ்பால் 'இந்த நாளில்' குறிப்புகளில் மே, ஜூன் மாதங்களை நான் எடுத்துக்கொண்டேன். பிறந்தநாள்கள் முடிந்துவிட்டன. மே 12, 1925 யோகி பெரா. மே 14, 1977 ராய் ஹாலடே. பெயர், ஊர், ஆண்டு என்று எழுதிக்கொண்டு போகலாம், சொல் தேட வேண்டியதில்லை. நிகழ்வுகளுக்கு வந்தபோதுதான் ஒரே ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது: பர்ஃபெக்ட் கேம். இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

வட அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் வரலாற்றில் 1880-இல் லீ ரிச்மண்ட் வீசியது முதல், 2023 ஜூன் 28-இல் டொமிங்கோ ஹெர்மான் வீசியது வரை எண்ணினால் 24 வருகிறது. அதில் 7 மே மாதத்தில். சை யங் 1904 மே 5, கேட்ஃபிஷ் ஹன்டர் 1968 மே 8, லென் பார்கர் 1981 மே 15, டேவிட் வெல்ஸ் 1998 மே 17, ராண்டி ஜான்சன் 2004 மே 18, டல்லஸ் பிரேடன் 2010 மே 9, அதே ஆண்டு மே 29-இல் ஹாலடே. ஜப்பானில் ஹிரோமி மகிஹாரா வீசியதும் மே 18-தான், 1994-இல். எனவே இந்த மாதத்தில் திரும்பத் திரும்ப இந்தச் சொல் வரும். ஒரு நாள் ஒரு சொல், மறுநாள் வேறு சொல் என்று எழுத முடியாது.

புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். ஓர் அணிக்கு 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட், மொத்தம் 27. வந்த 27 பேரும் வந்த வரிசையிலேயே அவுட். அடித்தவர் ஓடிப் பிடிக்க வேண்டிய முதல் இடமான முதல் பேஸில் ஒருவர்கூட நிற்கவில்லை. அடித்து ஓடியும் இல்லை, நான்கு பந்து வெளியே போய் இலவசமாக வாக் கிடைத்தும் இல்லை, பந்து உடம்பில் பட்டும் இல்லை, எதிரணி தடுப்பாட்டத்தில் கோட்டைவிட்டும் இல்லை. அதுதான் பர்ஃபெக்ட் கேம்.

இதுவரை இந்த இழையில் வந்தவற்றை எடுத்துப் பார்க்கிறேன்.

> முழுமை ஆட்டம் என்று சொன்னால் போதாதா? சின்னச் சொல், எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு ஒன்றாகப் புரியும். ஒரே வீச்சாளர் தொடக்கம் முதல் கடைசி வரை வீசி முடிப்பதற்கு ஆங்கிலத்தில் கம்ப்ளீட் கேம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை 'முழு ஆட்டம்' என்றுதான் தமிழில் சொல்லப்போகிறோம். சை யங் அப்படி 749 ஆட்டங்கள் வீசியவர். அவர் வாழ்க்கைக் குறிப்பில் '749 முழு ஆட்டங்கள், 1 முழுமை ஆட்டம்' என்று எழுதினால் படிப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

> பிழையிலா ஆட்டம்?

கேட்க அழகாக இருக்கிறது, அக்கா. ஆனால் பேஸ்பாலில் 'பிழை' என்பது தனியாக எண்ணப்படும் கணக்கு. மைதானப் பலகையில் ஓட்டம், ஹிட் (அடித்துப் பேஸை அடைவது) ஆகியவற்றுக்கு அடுத்த கட்டத்தில் ஏறும் எண் அது. கோட்டுக்கு வெளியே எழும்பிய எளிய கேட்ச்சைத் தடுப்பாளர் நழுவவிட்டால் பிழை என்று பதிவாகும். ஆனால் மட்டையாளர் இருந்த இடத்திலேயே நின்று தொடர்ந்து ஆடுவார், பேஸுக்குப் போகமாட்டார். அடுத்த பந்தில் அவர் அவுட் ஆகிவிட்டால் பர்ஃபெக்ட் கேம் கெடுவதில்லை. பலகையில் பிழை 1 என்று இருக்கும்போது பிழையிலா ஆட்டம் என்று எப்படி எழுதுவது?

> கிரிக்கெட்டில் மெய்டன் ஓவர் இருக்கிறதே, கன்னி ஆட்டம் என்று வைப்போம்.

கன்னி உரை, கன்னி முயற்சி என்றெல்லாம் சொல்லும்போது நாம் முதல் முறை என்றே பொருள்கொள்கிறோம். கன்னி ஆட்டம் என்றால் அறிமுக ஆட்டம் என்றுதான் படிப்பார்கள்.

அப்புறம், பேஸைத் தளம் என்று வைத்துக்கொண்டு நான் சொன்னது: தளந்தொடா ஆட்டம். போன வாரம் அதை முன்வைத்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாடா மலர், அணையா விளக்கு போல ஈறு கெட்டு நிற்கும் எதிர்மறைப் பெயரெச்சம், நாவில் எளிதாகப் புரளும். பாராட்டு எதையும் சேர்க்காமல், களத்தில் என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்லும். அதை இன்று திரும்பப் பெறுகிறேன். காரணத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நேற்று ஜூன் 2-க்கான குறிப்பை எழுத உட்கார்ந்தேன். 2010-இல் டெட்ராய்ட்டில் அர்மாண்டோ கலராகா கிளீவ்லாண்டுக்கு எதிராக வீசிய ஆட்டம். ஹாலடே வீசி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. 26 பேர் அவுட். 27-ஆவது ஆள் ஜேசன் டொனால்ட் தரையோடு அடித்த பந்தை மிகெல் கப்ரேரா வலப்பக்கம் போய் எடுத்து, முதல் பேஸுக்கு ஓடி வந்த கலராகாவிடம் வீசினார். பந்து கையுறையில், கால் பேஸின்மேல். டொனால்டின் கால் அதற்குப் பிறகுதான் வந்து பதிந்தது. நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் அகல விரித்தார்: சேஃப், அதாவது அவுட் இல்லை. கலராகா கத்தவில்லை, ஒரு புன்னகையோடு திரும்பி நடந்து, அடுத்த ஆளை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். பிறகு ஜாய்ஸ் பதிவைப் பார்த்து, தவறு தன்னுடையது என்று சொல்லி அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் அணிப் பட்டியலை ஜாய்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். முடிவு மாற்றப்படவில்லை, இன்றுவரை அது பர்ஃபெக்ட் கேம் பட்டியலில் இல்லை.

அந்த ஒரு கணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் என் சொல் உடைந்தது. டொனால்ட் தளத்தைத் தொடுகிறார். ஜாய்ஸ் சரியாக அவுட் கொடுத்திருந்தாலும் தொட்டது தொட்டதுதான். தரையோடு அடித்துவிட்டு ஓடுகிற எந்த மட்டையாளரும் அப்படித்தான், அரை அடி பிந்தி வந்தாலும் தளத்தை மிதித்துக்கொண்டே ஓடிப்போவார். 27 பேரில் பலர் அன்று தளத்தைத் தொட்டிருப்பார்கள். தொட்டார்கள், ஆனால் அங்கே நிற்கும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. போதாததற்கு, ஓடுபவரை அவுட் ஆக்குவதற்காகத் தடுப்பாளரும் தளத்தைத்தான் தொடுகிறார். 'தொடா' என்று எழுதினால் அது பொய்.

இப்போது என் புதிய முன்வைப்பு: தளமேறா ஆட்டம்.

தளத்தில் இடம் பிடிப்பதைத் 'தளமேறுதல்' என்போம். கரையேறுதல் போல. தண்ணீரில் நீந்திக் கரையைக் கையால் தொட்டவரெல்லாம் கரையேறியவர் ஆகமாட்டார். தொடுவதற்கும் ஏறுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கிறது, நாம் எடுத்துக்கொண்டால் போதும். ஆட்டமா ஏறுகிறது என்று கேட்பவர்களுக்கு: உண்ணாநோன்பில் நோன்பா உண்ணாமல் இருக்கிறது? உண்ணாமல் இருப்பவர் வேறு, நோன்பு அவர் இருப்பது. அதே அமைப்புதான்.

ஒரு சொல்லைத் தனியாகப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, அதன் குடும்பத்தோடு பார்க்க வேண்டும் என்று இந்தக் குழுவில்தான் கற்றுக்கொண்டேன். டெட் வில்லியம்ஸ் பிறந்தநாள் ஆகஸ்ட் 30, 1918. அவரைப் பற்றி எழுதும்போது ஆன்-பேஸ் பர்சன்டேஜை, அதாவது மட்டையாட வந்ததில் எத்தனை பங்கு பேஸை அடைந்தார் என்ற கணக்கை, தவிர்க்கவே முடியாது. '.482 என்ற அவரது தளமேறு விகிதத்தை இதுவரை யாரும் மிஞ்சவில்லை. 1949-இல் அவர் தொடர்ந்து 84 ஆட்டங்களில் தளமேறினார்' என்று எழுதிப் பார்த்தேன். தடுக்கவில்லை. 'தொடா'வை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

கடினமான சோதனை மே 26. 1959-இல் அதே நாளில் பிட்ஸ்பர்க் அணியின் ஹார்வி ஹேடிக்ஸ், மில்வாக்கியில் 12 இன்னிங்ஸ் வீசி 36 பேரை வரிசையாக அவுட் ஆக்கினார். 9 அல்ல, 12. எதிரில் லூ பர்டெட் 12 ஹிட் கொடுத்தும் ஓட்டம் எதுவும் கொடுக்கவில்லை, அதனால் ஆட்டம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. 13-ஆவதில் ஃபீலிக்ஸ் மாண்டியா தரையோடு அடித்ததை எடுத்த டான் ஹோக் தவறாக எறிந்தார். மாண்டியா தளமேறினார். எடி மேத்யூஸ் தன் அவுட்டைக் கொடுத்து அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள். அடுத்து வந்த ஜோ ஆட்காக் வேலிக்கு அப்பால் அடித்தார். ஆரன் நடுவில் ஓடுபாதையை விட்டு விலகியதால் ஆட்காக் அவரைத் தாண்டி ஓடிவிட்டார், ஹோம் ரன் இரண்டு தள அடியாகக் குறைந்தது. 1-0. ஹேடிக்ஸ் தோற்றார்.

இதற்குப் 'பழுதிலா', 'முழுமை' என்ற எந்தப் பாராட்டுச் சொல்லை வைத்தாலும் சண்டை வரும். 36 பேரை வரிசையாக அனுப்பியவரின் வீச்சில் என்ன பழுது, சொல்லுங்கள்? 'தளமேறா' என்றால் சண்டை இல்லை. மாண்டியா ஏறினார், அத்தோடு அது தளமேறா ஆட்டம் இல்லை. அதே நேரம் 'ஹேடிக்ஸ் 12 தளமேறா இன்னிங்ஸ் வீசினார்' என்று அவருக்குச் சேர வேண்டியதைக் குறையாமல் எழுத முடிகிறது. அடைமொழியைப் பிரித்து எடுத்து எதனோடும் ஒட்டலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜப்பானின் இறுதிப் போட்டியான ஜப்பான் தொடரில், 2007-இன் ஐந்தாம் ஆட்டத்தில் தைசுகே யமாயி 8 தளமேறா இன்னிங்ஸ் வீசினார், ஒன்பதாவதை ஹிதோகி இவாசே வந்து முடித்தார். ஆட்டம் தளமேறா ஆட்டம். ஆனால் இருவரில் யாருடைய பெயரிலும் தனிச் சாதனையாக ஏறவில்லை.

ஜப்பானியர்கள் இதற்குக் 'கன்ஸென் ஜியாய்' என்கிறார்கள். நேர்பொருள் முழுமையான ஆட்டம்தான், அங்கே அது நிலைத்துவிட்டது. ஆனால் அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள விரும்புவது ஹைக்கூக் கவிஞர் மசாவோகா ஷிகியின் முறையை. 1867 அக்டோபர் 14-இல் பிறந்தவர். சை யங் பிறந்ததும் அதே ஆண்டு மார்ச் 29-இல். காசநோயில் படுத்த படுக்கையாக இருந்த 1896-இல் ஷிகி ஒரு நாளிதழில் பேஸ்பாலை விளக்கி எழுதினார். அடிப்பவர், ஓடுபவர், பறக்கும் பந்து என்று செயலைப் பார்த்துப் பெயர் வைத்தார். தாஷா, சோஷா, ஹிக்யூ. ஜப்பானில் இன்றும் அவைதான். 2002-இல் அவரை அந்த நாட்டுப் பேஸ்பால் புகழரங்கில் சேர்த்தார்கள். கலைச்சொல் ஆக்கியவருக்கு விளையாட்டு உலகம் கொடுத்த அந்த இடத்தை நினைக்கும்போது மனம் நிறைகிறது.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

*

மறுமொழி, மறுநாள்:

> தம்பி, தளமேறா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேஸ் என்பது தரையில் கிடக்கும் ஒரு வெள்ளைத் திண்டு. ஏறுவதற்கு உயரம் வேண்டாமா? இன்னொன்று, தளம் என்றாலே பிள்ளைகளுக்கு இணையத்தளம்தான் நினைவுக்கு வரும். தளமேறா என்றால் இன்னும் பதிவேற்றாதது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஐயா, வணக்கம். முதல் கேள்விக்கு: குடியேறுகிறோம், எந்த உயரத்தில்? பெயர் பட்டியலில் ஏறுகிறது, பயிர் பச்சை ஏறுகிறது, வழக்கு நீதிமன்றப் படி ஏறுகிறது. உயரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓர் இடத்தைப் பெற்று அங்கே நிலைப்பதற்கு நாம் 'ஏறு' என்கிறோம். குடியேறுதலில் உள்ள ஏறுதான் இது.

இரண்டாவது நியாயமான கவலை. முதல் முறை வரும்போது மட்டும் 'பேஸ் எனப்படும் தளம்' என்று எழுதிவிடுவோம். விளையாட்டுச் செய்தியில் 'ஓட்டம் எடுத்தார்' என்பதைப் படித்து யாரும் ஓட்டப்பந்தயம் என்று நினைப்பதில்லை, சூழல் பார்த்துக்கொள்ளும்.

ஹிட் எதுவும் கொடுக்காத ஆட்டமான நோ-ஹிட்டருக்கு என்ன சொல் என்று இன்னொருவர் தனிமடலில் கேட்டிருந்தார். 'அடிபடா ஆட்டம்' என்றால் யாருக்கும் காயம் படவில்லை என்று பொருளாகிவிடும். அது வேறு வகை ஆட்டமும்கூட. ஹிட் கொடுக்காமலே தோற்கவும் முடியும். 1964 ஏப்ரல் 23-இல் ஹூஸ்டனின் கென் ஜான்சன் 9 இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் சின்சினாட்டியிடம் 1-0 என்று தோற்றார். இப்போதைக்கு 'ஹிட்டிலா ஆட்டம்' என்றே வைத்திருக்கிறேன். ஹிட்டுக்கு நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், அதைத் தனி இழையில் பேசுவோம்.

ஜூலையை எடுத்திருக்கும் அக்காவுக்கு, 18-ஆம் தேதிக்கு ஒரு வரைவு, சொல் உட்காருகிறதா என்று பாருங்கள்: '1999: யாங்கீ ஸ்டேடியத்தில் யோகி பெராவைச் சிறப்பிக்கும் நாள். 1956 அக்டோபர் 8-இல் மேஜர் லீக் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் தளமேறா ஆட்டம் வீசிய டான் லார்சன் சடங்காக முதல் பந்தை வீச, அன்று அவருக்குப் பந்து பிடித்த அதே பெரா இன்றும் பிடித்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, டேவிட் கோன் 88 பந்துகளில் 27 பேரையும் வீழ்த்தித் தளமேறா ஆட்டம் வீசினார்.'

ஞாயிற்றுக்கிழமை மாலை வரை பார்க்கிறேன். வலுவான மறுப்பு வரவில்லை என்றால் மே 5, சை யங் குறிப்பிலிருந்து இந்தச் சொல்லையே போட்டுவிடுகிறேன்.