தறியிலிருந்து அறுத்த அன்று

சத்துவாச்சாரி வாசி:
மேசை மேல் வைக்கிற சின்னத் தறி, முதல் துண்டு. பாவு என்கிற நீள இழைகளை ஏற்றியது, இழை அறுந்தது எல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும், விடுங்கள். அறுத்து எடுத்த சூட்டோடு குடியாத்தம் பஸ் ஏறினேன். அங்கே லுங்கி நெய்யும் பெரியவர் ஒருவரைத் தெரியும். பாராட்டுவார் என்றுதான் போனேன். அவர் கரையையும் பார்க்கவில்லை, கட்டத்தையும் பார்க்கவில்லை. துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தார். முக்கால் முழத்தில் விரல் நின்றது. "இங்கே எத்தனை நாள் எழுந்து போனாய் அம்மா?" ஊடை என்கிற குறுக்கு இழை நெருங்கி, மயிரிழை போல ஒரு கோடு. அதுவரை என் கண்ணில் படவே இல்லை. "இல்லையே ஐயா, ஒரே மூச்சில் நெய்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மடித்துக் கொடுத்தார். ஆறு மாதமாகிறது, இன்னும் உறுத்துகிறது.

ஆரணி மருமகள்:
இதில் மாயம் ஒன்றுமில்லை. பாவை இழுத்துக் கட்டியபடியே விட்டுப் போனால் இழை தளரும். திரும்பி வந்து அடிக்கிற முதல் அடி வேறு மாதிரி விழும். பழகிய விரலுக்குத் தெரியாதா?
நான் பட்டுத்தறி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். புடவை முடிந்து பாவு கொஞ்சம் மிச்சமிருந்தது. வீணாகிறதே என்று, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை விட்டேன். பாவு இழைகளை ஏற்றி இறக்கும் விழுதுக்குப் பின்னால் நீளம் போதாமல் இழைகள் சரியாக விரியவில்லை. நாடா நடுவில் சிக்கி நாற்பது இழை போயிற்று. அந்த மிச்சத்தில்தான் அடுத்த பாவைப் பிணைப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. மாமியார் திட்டவில்லை. இரவெல்லாம் விளக்கடியில் ஒவ்வோர் இழையாக முடி போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

காட்பாடிக்காரர்:
ஆரணி திருவண்ணாமலை மாவட்டம் அல்லவா, வேலூர்க்காரர்கள் பேச்சில் எப்படி? போகட்டும். என் அனுபவம் சின்னது: துவைத்தேன், சுருங்கியது. ஆகையால் சொல்கிறேன். அறுப்பதற்கு முன்பே ஊடை நூலால் ஓரத்தில் தையல் போட்டுவிடுங்கள். இரு முனையிலும் ஒரு சாண் பாவு விட்டு அறுத்து, நான்கு நான்கு இழையாக முடியுங்கள். பிறகு குஞ்சமாக முறுக்கலாம். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கியே தீரும், அதற்கும் சேர்த்துத்தான் பாவின் நீள அகலத்தைக் கணக்கிட வேண்டும். கஞ்சி போகும்வரை ஊறட்டும். முறுக்கிப் பிழியாதீர்கள். சித்திரையில் மொட்டை மாடியில் காயப்போடவே கூடாது, வேலூர் வெயில் சாயத்தைத் தின்றுவிடும். ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். கோடு கொஞ்சம் அமுங்கும்.

ஆரணி மருமகள்:
மாவட்டத்தைப் பிரித்தது 1989-இல். என் நாடா சிக்கியது 1986-இல். அப்போது வேலூரைப் போல ஆரணியும் வட ஆற்காடு மாவட்டம்தான்.

சத்துவாச்சாரி வாசி:
துவைப்பது பற்றி நான் கேட்கவே இல்லை. அந்தத் துண்டு இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவர் மடித்துக் கொடுத்தபடியே பீரோவில் இருக்கிறது. உங்கள் சண்டையைப் படித்துவிட்டு இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மடிப்பு சரியாக அந்தக் கோட்டின் மேல் விழுந்திருக்கிறது.