பூல் ஹீட்டருக்குள் கூடு, எப்படி எடுப்பது? அவசரம்

ஃபிரிஸ்கோ_அப்பா (திங்கள் இரவு)
எல்லோருக்கும் வணக்கம். போன நவம்பரில் வாங்கிய வீட்டில், நீச்சல்குளத் தண்ணீரைச் சூடாக்கும் பழைய பூல் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. இன்றுதான் முதல் தடவையாகப் போட்டேன், ஓடவில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே பெரிய கூடு. வேக்குவம் கிளீனர் வைத்து இழுத்தால் போதுமா? சனிக்கிழமை பையனுக்குப் பிறந்தநாள், பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். தண்ணீர் 64 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கிறது.

பிளானோ_மாமி
கேஸ் ஹீட்டரா, கரன்ட்டா? என்ன கூடு? முட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போன ஏப்ரலில் எங்கள் ஹீட்டர் மூடிக்குள் கரோலினா ரென் குருவி முட்டையிட்டுவிட்டது. முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி குற்றம். வீட்டுச் சிட்டுக்குருவி, ஸ்டார்லிங், மாடப்புறா போன்ற சிலவற்றுக்கு அந்தச் சட்டம் இல்லை. நாங்கள் ஒரு மாதம் ஹீட்டரைத் தொடவே இல்லை.

ஆஸ்டின்_குமரன்
கூடு ஒரு பக்கம் இருக்கட்டும். ஹீட்டர் கிளம்பவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது பிரஷர் சுவிட்ச். ஃபில்டர் அடைத்துத் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் ஹீட்டர் எரியாது. ஃபில்டரைக் கழுவிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

பழையகை
மார்ச் வந்தால் இதே கேள்வி. என்ன மாடல், எந்த வருடம், என்ன கேஸ், வெளியில் இருக்கிறதா ஷெட்டுக்குள்ளா, எதையும் சொல்லாமல் ‘ஓடவில்லை’ என்றால் எப்படி? இந்தப் பகுதியின் முதல் பதிவை நான் எழுதியதே இதற்காகத்தான். படித்துவிட்டு வாருங்கள்.

ஹூஸ்டன்_மெக்கானிக்
குமரன், மறுபடி போடச் சொல்லாதீர்கள். தம்பி, கேஸ் வாசனை வந்ததா? போட்டபோது சத்தம், கரி ஏதாவது?

ஃபிரிஸ்கோ_அப்பா (செவ்வாய் காலை)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். இயற்கை எரிவாயுதான். லேபிளில் 2004 என்று இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளியே இருக்கிறது. கூட்டில் மஞ்சள் பஞ்சு, காய்ந்த இலை, நிறைய எலிப்புழுக்கை. முட்டை இல்லை. ஆமாம், சொல்ல மறந்தேன். முதல் தடவை போட்டதும் கொஞ்ச நேரம் கழித்துப் படாரென்று ஒரு சத்தம். முன் தகட்டின் கீழே கருப்பாக இருக்கிறது. அதற்கப்புறம்தான் ஓடவில்லை.

ஹூஸ்டன்_மெக்கானிக்
இதைத்தான் முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். இப்போதே கேஸ் வால்வை மூடுங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். கரன்ட் பிரேக்கரையும் இறக்கிவிடுங்கள்.

பர்னருக்குக் காற்று கீழிருந்து வர வேண்டும். கூடு அதை அடைத்தால் கேஸ் உடனே பற்றாமல் சேர்ந்து, தாமதமாக ஒரேயடியாகப் பற்றும். நீங்கள் கேட்ட படார் அதுவாகத்தான் இருக்கும். மேலே போக வழியில்லாத தீ முன்பக்கம் வெளியே வரும், கரி அதன் அடையாளம். பல பழைய மாடல்களில் அந்தச் சூட்டுக்கு உருகி ஹீட்டரை நிறுத்தும் சின்ன உருகி (ஃபியூஸ்) ஒன்று உண்டு. உங்கள் ஹீட்டர் கிளம்பாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். யாராவது அந்த உருகியைத் தவிர்த்து ஒயரால் இணைத்து ஓட்டலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று. காற்று குறைந்து எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு அதிகமாக வரும். நிறமும் மணமும் கிடையாது. பக்கத்தில் படுக்கையறை ஜன்னல் என்கிறீர்களே. வீட்டுக்குள் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் டிடெக்டர் இருக்கிறதா?

நர்ஸ்_அக்கா
வேக்குவம் வேண்டவே வேண்டாம் தம்பி, துடைப்பமும் வேண்டாம். எலிப்புழுக்கையும் சிறுநீரும் காய்ந்து தூசியாகப் பறந்தால் ஹன்டா வைரஸ் தொற்றலாம். 1993இல் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா சந்திக்கும் பகுதியில் அது பரவி உயிர்கள் போன பிறகுதான் டியர் மவுஸ் என்ற எலியிடமிருந்து வருவது தெரிந்தது. கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கூட்டை நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பேப்பர் டவலால் எடுத்து இரட்டைப் பையில் கட்டுங்கள். கரன்ட் நிறுத்தாமல் தொடாதீர்கள்.

ஹூஸ்டன்_மெக்கானிக்
அக்கா சொன்னது சரி, ஆனால் பர்னர் பக்கமும் சர்க்யூட் போர்டு பக்கமும் தெளிக்க வேண்டாம். அந்த மஞ்சள் பஞ்சு எலி எங்கிருந்தோ பிய்த்தது. ஹீட்டரின் உள்சுவரில் இருக்கும் செராமிக் நாரையும் பிய்த்திருந்தால் அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். கூட்டை டெக்னீஷியனே எடுக்கட்டும்.

மதுரைக்காரி
அடுத்த தடவை வராமலிருக்க நாலு அந்துருண்டை போட்டு வையுங்கள். ஊரில் அம்மா பீரோவுக்கெல்லாம் அதுதான் வைப்பார்.

பழையகை
பீரோவும் பர்னரும் ஒன்றா? அந்துருண்டையின் ஆவி எரியக்கூடியது. பாராடைகுளோரோபென்சீன் வகையாக இருந்தால், எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிச் செம்புத் தகடுகளை அரிக்கும். அடிப்படை வேதியியல்.

மதுரைக்காரி
தெரியாமல் சொன்னேன், தெரிந்துகொண்டேன். ‘அடிப்படை’ என்று சேர்த்துச் சொல்லாமலும் சொல்லியிருக்கலாம்.

ஆஸ்டின்_குமரன்
விஷக்கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் எலி தீர்ந்தது.

பிளானோ_மாமி
அந்த எலியைத் தின்ற ஆந்தையும் சாகும் குமரன். எங்கள் தெருவில் ஒரு நாய் பிழைத்ததே பெரிய விஷயம்.

ஆஸ்டின்_குமரன்
நாய் எட்டாத பெட்டிக்குள்தான் வைத்தேன் மாமி.

பிளானோ_மாமி
எலி அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வந்துதானே சாகிறது? பொறி வையுங்கள் போதும்.

ஹூஸ்டன்_மெக்கானிக்
வருகிற வழியை அடைப்பதுதான் வேலை. சுண்டெலிக்குக் கால் அங்குலப் பொந்து போதும். ஒயர், குழாய் நுழையும் ஓட்டைகளைக் கால் அங்குலத்துக்கும் சிறிய கண்ணுள்ள கம்பிவலையால் அடைக்கலாம். காற்று போகும் வாயை மட்டும் உற்பத்தியாளர் கையேட்டில் அனுமதி இருந்தாலொழிய மூடக்கூடாது. பொடிக்கண் வலையில் இலை ஒட்டினால் பழைய கதைதான்.

நர்ஸ்_அக்கா (வெள்ளி)
தம்பி, வால்வை மூடிவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். மூன்று நாளாகச் சத்தமே இல்லை.

ஃபிரிஸ்கோ_அப்பா (ஞாயிறு)
அன்றைக்கே மூடிவிட்டேன் அக்கா, எழுத நேரமில்லை, மன்னிக்கவும். டெக்னீஷியன் வியாழன் வந்தார். பர்னர் தட்டு முழுக்கக் கூடு. இரண்டு ஒயர் கடிபட்டிருந்தது, நீங்கள் சொன்ன அந்த உருகி கரைந்துபோயிருந்தது, மேலே தகடெல்லாம் கரி. சரி செய்யும் செலவுக்குப் புதிதே வாங்கலாம் என்று சொல்லி, வால்வில் ‘ஓட்டக்கூடாது’ சீட்டுக் கட்டிவிட்டுப் போனார். படுக்கையறைக்கு டிடெக்டர் வாங்கியாயிற்று. பிள்ளைகள் அந்த 64 டிகிரியிலேயே குதித்தார்கள். எல்லோருக்கும் நன்றி.