வேதாளம் ஏறியது முருங்கை மரம்தானா?

திண்ணைக்காரன்:
தாத்தா அம்புலிமாமாக்களை வருடவாரியாகச் சேர்த்து, காலிகோ துணி போட்டு பைண்டு பண்ணி வைத்திருந்தார். கோடை லீவு முழுக்க எனக்கு அதுதான். விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் போட்டு, உருவிய வாளோடு நடக்கும் அந்தப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் கொல்லையிலும் ஒரு முருங்கை. கழிவறைக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இருட்டிவிட்டால் பாட்டியும் துணைக்கு வர வேண்டும்.

ஒருநாள் நானே விக்கிரமனாகி, தலையணையை மேலே மாட்டிவைத்து இறக்கலாம் என்று ஏறினேன். இரண்டாவது கிளையிலேயே மடக்! இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்று பிடித்த சந்தேகம்: எட்டு வயதுப் பையனையே தாங்காத மரம், பிணத்தையும் ராஜாவையும் சேர்த்து எப்படித் தாங்கியது?

பழையபேப்பர்:
தம்பி, மரத்தை யார் பார்த்தார்கள்? கண் நேராக வேதாளத்தின் மூஞ்சிக்குத்தான் போகும். எல்லாம் ஓவியர் சங்கர் கைவண்ணம். ஐம்பதுகளில் அங்கே சேர்ந்தவர், கடைசிவரை வரைந்தார். 2020இல் போய்ச் சேர்ந்தார். பத்மஸ்ரீ அதற்கப்புறம்தான் வந்தது. என்ன சொல்ல!

கூழாங்கல்:
மூலத்தில் முருங்கையே கிடையாது. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். ராஜாவின் பெயரும் அங்கே திரிவிக்கிரமசேனன். வால்மீகியில் அசோகவனத்துச் சீதை உட்கார்ந்திருப்பதும் இதே மரத்தடியில்தான். வைரம் பாய்ந்த மரம், தாராளமாக ஏறலாம். நம் பக்கம் வந்ததும் எப்படியோ முருங்கையாகிவிட்டது. ‘முருங்கை பருத்தால் தூணாகுமா’ என்று கேட்கிற ஊரில்!

திண்ணைக்காரன்:
அப்படியென்றால் என் மணிக்கட்டுக்கு மொழிபெயர்ப்புதான் காரணம். சரி, நேற்று ஊருக்குப் போனபோது பரணிலிருந்து அந்த வால்யூமை இறக்கினேன். முதல் மூன்று இதழ்களிலும் வேதாளத்தின் வாய்மேல் கோடு போட்ட நோட்டுத்தாள் துண்டு. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியது, இன்னும் விடவில்லை. எனக்கப்புறம் புத்தகம் தங்கச்சி கைக்குப் போயிருந்தது. பயந்துபோய் ஒட்டினாயா என்று போனில் கிண்டல் பண்ணினேன்.

“பயமா? அது கேள்வி கேட்டாத்தானேண்ணா ராஜா வாயைத் திறப்பாரு? பாவம், அந்த மாசமாவது வீடு போய்ச் சேரட்டும்னு ஒட்டினேன்.”