'மைய நரம்பு அறிகுறி' வேண்டாம். 'நடுச்சிரைக் குறி' என்போம்

ஐயா, வணக்கம்.

தண்டுவட மரப்பு நோயில் (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்) மூளையில் விழும் திட்டின் நடுவே எம்.ஆர்.ஐ. படத்தில் சிரை தெரிவதை ஆங்கிலத்தில் 'சென்ட்ரல் வெயின் சைன்' என்பார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் தந்த 'மைய நரம்பு அறிகுறி' எனக்கு ஒப்பவில்லை. சேலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலையில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஊசி ஏற்ற இரத்தக்குழாய் அகப்படாவிட்டால் எங்கள் ஊரில் "நரம்பே கிடைக்கல" என்பார்கள். பேச்சுக்கு அது போதும். ஆனால் தண்டுவட மரப்பு நோயில் கெடுவது நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை. அங்கே இரத்தக்குழாயையும் நரம்பு என்றால் படிப்பவர் எதை எதுவென்று கொள்வார்? (நோயின் பெயரே அரைகுறைதான், மூளையிலும் அல்லவா திட்டு விழுகிறது!)

ஃப்ளேர் என்னும் எம்.ஆர்.ஐ. பட வகையில் அந்தத் திட்டு வெள்ளையாகத் தெரியும். ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் இரத்த அழுத்தமுள்ள முதியவருக்கும்கூட வெண்புள்ளிகள் இருக்கும். தொடக்கத்திலேயே நோயைப் பிரித்தறிவது அதனால்தான் கடினம். காந்த ஏற்புத்திறனை உணரும் படத்திலோ, ஆக்சிஜன் குறைந்த குருதி ஓடும் சிரை கருப்பாக விழும். இந்நோயின் திட்டுகள் பெரும்பாலும் சிறு சிரையைச் சுற்றியே உருவாவதால் நடுவே கருங்கோடு தெரியும். வேறு தளத்தில் பார்த்தால் அதுவே கரும்புள்ளி. உரித்த ஏற்காட்டுக் காப்பிக் கொட்டையின் நடுவில் ஒரு கோடு ஓடுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். திட்டுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் இக்கோடு இருந்தால் இந்நோய் என்று சந்தேகிப்பது பலர் கையாளும் அளவு. இந்நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்ட் வரையறையின் 2024ஆம் ஆண்டுத் திருத்தமும் இதைச் சேர்த்துக்கொண்டது.

'அறிகுறி' என்பதும் இங்கே பொருந்தாது. கால் மரத்துப்போவது, ஒரு கண் மங்குவது அறிகுறி. அது நோயாளி சொல்வது. படத்தில் மருத்துவர் காண்பது குறி.

'சிரை' என்றால் சவரம் நினைவுக்கு வருகிறது என்று ஈரோட்டு அம்மா எழுதியிருந்தார். பள்ளிப் பாடநூலில் தமனியோடு சேர்த்துப் பிள்ளைகள் படிக்கும் சொல்தானே அம்மா. 'நாளம்' என்றால் தமனியும் உள்ளே வந்துவிடும். இங்கே அது தமனி அன்று என்பதே செய்தி.

திட்டைக் குறிக்கும் 'லீஷன்' என்பதற்குச் சொல்லும் 'மூளைப் புண்'ணையும் விட்டுவிடுவோம். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு ஒரு தாய் என்னிடம் "சீழு கோத்திருக்குமா சாமி?" என்று கேட்டார். மகளுக்கு இருபது வயதுகூட இருக்காது. அன்றிலிருந்து நான் 'திட்டு' என்றுதான் சொல்கிறேன். 1868இல் பாரிசில் மருத்துவர் ஷார்க்கோ விவரித்த இந்நோயின் பிரெஞ்சுப் பெயருக்கும் திட்டுத் திட்டாக இறுகுதல் என்றே பொருள்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. சில திட்டுகளின் ஓரத்தில் இரும்பேறிய செல்கள் சேர்ந்து கருவளையம் காட்டும். அழற்சி உள்ளே கனன்றுகொண்டிருப்பதற்கான தடயம் அது. 'இரும்பு விளிம்புத் திட்டு' என்று எழுதிப் பார்த்தேன். 'கருவிளிம்பு' மேலா?