ரெட்மைனில் 11 ரோல்கள்: குறைப்பதா, வைத்துக்கொள்வதா?

தறிக்காரன்:

கோயம்புத்தூரில் 42 பேர் பணியாற்றும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக, வேலைகளையும் பிழைகளையும் டிக்கெட்டுகளாகப் பதிந்து கண்காணிக்கும் ரெட்மைன் என்ற மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். நான் பொறுப்பேற்றபோது நான்கு ரோல்கள், அதாவது யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்ற அனுமதித் தொகுப்புகள், இருந்தன. இன்று 11 இருக்கின்றன. மூத்த டெவலப்பர், பயிற்சி டெவலப்பர், டெஸ்டர், டெஸ்டிங் லீட், வாடிக்கையாளர், வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் என்று ஒவ்வொரு சச்சரவுக்கும் ஒரு ரோல் பிறந்திருக்கிறது. ஒரு டிக்கெட் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்பதை ரெட்மைனில் ஒவ்வொரு ரோலுக்கும், ஒவ்வொரு டிராக்கருக்கும் (டிக்கெட் வகைக்கும்) தனித்தனியாக வரையறுக்க வேண்டும். எங்களிடம் 5 டிராக்கர்கள் உள்ளன. ஆகவே 55 அட்டவணைகள். அவை முழுவதையும் நினைவில் வைத்திருப்பவர் எவருமில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சென்ற மாதம் பொள்ளாச்சியில் ஒரு திருமணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் ரசம் ஊற்றும்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. டெஸ்டர் ஒருவர் தாம் சரிபார்த்து முடித்த டிக்கெட்டை மூட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்த்திருந்த 'சப்போர்ட்' டிராக்கரில், 'தீர்க்கப்பட்டது' என்ற வரிசையும் 'மூடப்பட்டது' என்ற நெடுவரிசையும் சந்திக்கும் கட்டத்தில் அவருடைய ரோலுக்கு டிக் போட நான் மறந்திருந்தேன். டிக்கெட்டுகள் மூடப்படாமல் வெளியீடு கூடாது என்பது வாடிக்கையாளருடன் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு. கையைக் கழுவிவிட்டுக் கைப்பேசியில் அந்த அட்டவணையைத் திறந்தேன். விரலால் நகர்த்த நகர்த்த வரிசைத் தலைப்பு மறைந்துவிடுகிறது, எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. கடைசியில் அந்த டெஸ்டரையே அட்மின் ஆக்கிவிட்டு மோர் சாதத்துக்குத் திரும்பினேன். திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தபோது, இப்படி அவசரத்துக்கு அட்மின் ஆக்கப்பட்டு அப்படியே விடப்பட்டவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள்.

ஆகவே மேலாளர், உறுப்பினர், வாடிக்கையாளர், பார்வையாளர் என்று நான்கு ரோல்களோடு நிறுத்திக்கொள்ள நினைக்கிறேன். குழுவில் உள்ளவர் எவரும் எந்த டிக்கெட்டையும் திருத்தலாம், எந்த நிலைக்கும் நகர்த்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது டிக்கெட்டின் வரலாற்றில் பதிவாகிவிடுகிறதே, பிறகு பூட்டு எதற்கு?

கல்வெட்டு:

மருத்துவ ஆய்வகங்களுக்கான மென்பொருள் செய்யும் குழுவில் தர உறுதிப் பணியில் இருக்கிறேன். நண்பர் தறிக்காரனின் பந்திக் கதையைப் படித்துச் சிரித்தேன், ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவை ஏற்க முடியவில்லை. அங்கே பிழை ரோல்களின் எண்ணிக்கையில் இல்லை. புதிய டிராக்கரைச் சேர்த்துவிட்டு, அதன் ஓட்டத்தை ஒவ்வொரு ரோலிலும் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் விட்டதில்தான் இருக்கிறது. பூட்டு இறுகிப் போனால் எண்ணெய் விடுவோமே தவிர, கதவைக் கழற்றி வைக்க மாட்டோம்.

'வரலாற்றில் பதிவாகிவிடுகிறது' என்ற அவருடைய அடிப்படை வாதமே முழு உண்மையன்று. டிக்கெட்டின் நிலை, பொறுப்பாளர், விவரணை ஆகியவை மாறினால் பதிவாகும் என்பது சரி. ஆனால் பிறர் எழுதிய குறிப்புகளைத் திருத்தும் அனுமதியைப் பெற்ற ஒருவர் ஒரு குறிப்பை மாற்றி எழுதினால், பழைய வாசகம் ரெட்மைனில் எங்கும் மிஞ்சாது. டிக்கெட்டை அழித்தால் அதன் துணை டிக்கெட்டுகளும் சேர்ந்து போய்விடும், மீட்டெடுக்கக் குப்பைத்தொட்டி என்று ஒன்று கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலை நேரப் பதிவு: நேற்று 6 மணி நேரம் என்று இட்டதை இன்று 9 என்று மாற்றினால், முன்பு 6 இருந்தது என்பதற்குத் தடயமே இராது. மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனம் இதை எல்லோருக்கும் திறந்து வைக்கலாமா?

ஒவ்வொருவரும் தம் வேலையை முடிக்கத் தேவையான குறைந்தபட்ச அனுமதியோடு மட்டுமே இயங்க வேண்டும் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார்கள். நம் துறையில் அதைவிடப் பழைய அறிவுரை அதிகம் இல்லை.

பின்னிரவு:

நான் வாடிக்கையாளர் தரப்பில் இருப்பவன். இருவரும் டிக்கெட்டை யார் மாற்றி எழுதலாம் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் இடையில் நுழைகிறேன். எங்களுக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு நிறுவனத்தின் ரெட்மைனில் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாள் காலையில் உள்நுழைந்தபோது, எங்களுடைய திட்டத்துக்குக் கீழே எனக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு திட்டத்தின் பெயரும் இருந்தது. சொடுக்கினேன், திறந்தது. எங்கள் போட்டியாளருக்குச் செய்துகொண்டிருந்த பணியின் டிக்கெட்டுகள், கெடு தேதிகளோடு வரிசையாக நின்றன. நான் உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். எல்லோரும் அப்படிச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பிறகு விசாரித்ததில் காரணம் மிகச் சாதாரணமானது. ரெட்மைனை நிறுவியதும் உள்ள இயல்பமைப்பில் புதிய திட்டம் பொதுத் திட்டமாகவே உருவாகும். பொதுத் திட்டத்தில் உறுப்பினரல்லாத, ஆனால் உள்நுழைந்திருக்கும் எவருக்கும் 'உறுப்பினரல்லாதவர்' என்ற உள்ளமைந்த ரோலின் அனுமதிகள் கிடைக்கும். நீங்கள் உருவாக்கிய 11 ரோல்களுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பட்டியலின் அடியில் யாரும் தொடாமல் கிடக்கும் அந்த ரோலையும், அதோடு 'அநாமதேயர்' ரோலையும் முதலில் பாருங்கள். அதன்பின் டெஸ்டருக்கு டிக் போடுவதா வேண்டாமா என்று சண்டையிடலாம்.

தறிக்காரன்:

பின்னிரவு எழுதியதைப் படித்ததும் எங்கள் அமைப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று திட்டங்கள் பொதுவாகக் கிடந்தன, அவற்றுள் ஒன்று ஊதியக் கணக்கு மென்பொருள். மூடிவிட்டேன். நன்றி.

கல்வெட்டு சொன்ன நேரப் பதிவை ஒப்புக்கொள்கிறேன். அது என் கவனத்தில் இல்லை. டிக்கெட் அழிப்பையும் மேலாளருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் 1975-ஆம் ஆண்டுக் கட்டுரையை அவர் பாதி மட்டும் காட்டுகிறார். அதில் எட்டு நெறிகள் உண்டு. குறைந்தபட்ச அனுமதி அவற்றில் ஒன்றுதான். எட்டாவதாகச் சொல்லப்படுவது, பாதுகாப்பு முறை பயன்படுத்துவோர் இயல்பாகவும் சரியாகவும் கடைப்பிடிக்கத் தக்கவாறு எளிதாக இருக்க வேண்டும் என்பது. என்னுடைய ஒன்பது அட்மின்களும் அந்த எட்டாவது நெறியை மீறியதன் விளைவு. அட்மினுக்கு ரெட்மைனில் எந்த ரோலின் தடையும் பொருந்தாது என்பதால், 55 அட்டவணைகளில் நான் போட்ட பூட்டுகள் அத்தனையும் அந்த ஒன்பது பேருக்கு வெறும் கோலம்தான். இறுக்கம் அதிகமானதால் மொத்தப் பாதுகாப்பு குறைந்தது என்பதே என் கட்சி.

கல்வெட்டு:

உங்கள் கட்சிக்கு எதிராக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவின் பிழை கண்காணிப்பு அமைப்பான பக்ஸில்லாவில் பெரும்பாலான டிக்கெட்டுகள் உலகமே பார்க்கத் திறந்திருக்கும். பாதுகாப்புக் குறைபாடுகள் மட்டும் குறிப்பிட்ட குழுவினருக்குத் தெரியும்படி மறைக்கப்பட்டிருக்கும். அந்த உயர் அனுமதி பெற்ற ஒருவர் அதே கடவுச்சொல்லை வேறொரு தளத்திலும் பயன்படுத்தியிருந்தார். அந்தத் தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொல்லைக் கொண்டு ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டான் என்று 2015 செப்டம்பரில் மொசில்லா அறிவித்தது. உறுதி செய்யப்பட்ட முதல் நுழைவே 2014 செப்டம்பரில். அதாவது, ஏறத்தாழ ஓராண்டு அவன் உள்ளே உலவியிருக்கிறான். பொதுவில் இல்லாத ஏறத்தாழ 185 டிக்கெட்டுகளை அவன் பார்த்தான். அவற்றுள் 53 கடுமையான பாதுகாப்புக் குறைபாடுகள். அந்த 53-இல் 10, அவன் பார்த்த நேரத்தில் இன்னும் சரிசெய்யப்படாதவை. அதன்பின் மொசில்லா செய்தவற்றில், உயர் அனுமதி பெற்றவர்களின் எண்ணிக்கையைக் குறைத்ததும், அவர்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவற்றைச் சுருக்கியதும் அடங்கும். நீங்கள் சொல்வதற்கு நேர்மாறான திசை அது.

தறிக்காரன்:

நேர்மாறு என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்களே எழுதிய வரிசையை மீண்டும் படியுங்கள்: அவன் எதையும் மாற்றியதாக நீங்கள் சொல்லவில்லை, பார்த்தான் என்றுதான் சொல்கிறீர்கள். கேடு முழுவதும் பார்த்ததில் இருக்கிறது. ஒருவர் தவறான நிலைக்கு நகர்த்திய டிக்கெட்டை நான் ஐந்து நிமிடத்தில் திருப்பி நகர்த்திவிடலாம். ஒருவர் படித்துவிட்டதை அவர் மனத்திலிருந்து எடுக்க எந்த மெனுவிலும் வழியில்லை. ஆகவே யார் பார்க்கலாம் என்பதில் நான் கஞ்சனாக இருக்கத் தயார். வாடிக்கையாளர் ரோலுக்கு, தாம் எழுதிய அல்லது தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட டிக்கெட்டுகள் மட்டுமே தெரிய வேண்டும் என்றும், உள்ளேயிருப்பவர்களுக்கு மட்டுமான தனிக் குறிப்புகள் தெரியக் கூடாது என்றும் அமைத்துவிட்டேன். ஆனால் உள்ளேயிருப்பவர்கள் நிலையை மாற்றுவதில், பொறுப்பாளரை மாற்றுவதில், முன்னுரிமையை ஏற்றி இறக்குவதில் 55 அட்டவணைகள் எதற்கு?

கார்த்திகைப்பூ:

சிறு குறிப்பு. நாங்கள் ரெட்மைனைப் போன்ற ஜிராவைப் பயன்படுத்துகிறோம். அங்கே நிறுவனம் நிர்வகிக்கும் வகைத் திட்டங்களில் பல திட்டங்கள் ஒரே அனுமதித் தொகுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு திட்டத்துக்காக என்று நினைத்து அந்தத் தொகுப்பில் ஒரு வரியை நீக்கினேன். அதைப் பகிர்ந்துகொண்டிருந்த மற்றத் திட்டங்களில் இருந்தவர்களும் கருத்துரை எழுத முடியாமல் போனார்கள். தப்பு என்னுடையது, எத்தனை திட்டங்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ரோலைக் குறைப்பதோ கூட்டுவதோ, மாற்றுவதற்கு முன் அது யார் யார் தலையில் விழும் என்று பட்டியலிட்டுக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு:

பார்ப்பதையும் மாற்றுவதையும் பிரித்த நண்பரின் கோடு நல்ல கோடுதான், அதை எடுத்துக்கொள்கிறேன். ஆயினும் மாற்றுவதில் ஒரே ஓர் இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்: மென்பொருள் குறியீட்டை எழுதியவரே அதைச் சரிபார்த்ததாகச் சொல்லி டிக்கெட்டை மூடக் கூடாது. எங்கள் துறையில் ஆய்வாளர்கள் வந்தால், டிக்கெட்டைத் திறந்து 'இதைச் சரிசெய்தவர் யார், ஏற்றுக்கொண்டவர் யார்' என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தால், பிறகு நாள் முழுவதும் கேள்விதான். பின்னால் வரலாற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பது அங்கே விடையாகாது, ஏனென்றால் பிழையான மென்பொருள் அதற்குள் ஓர் ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதை ரெட்மைனில் செய்வது நினைப்பதைவிடக் கடினம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டை எழுதியவருக்கும் பொறுப்பாளருக்கும் கூடுதல் நகர்வுகளைத் தரும் வசதி பணியோட்ட அமைப்பில் இருக்கிறது. ஆனால் அது தருமே தவிரப் பறிக்காது. 'பொறுப்பாளர் மட்டும் மூடக் கூடாது' என்று அதில் எழுத முடியாது. ஆகவே டெவலப்பர், டெஸ்டர் என இரண்டு ரோல்கள் தவிர்க்க முடியாதவை. அடுத்த குழி: ஒருவருக்கு ஒரே திட்டத்தில் இரண்டு ரோல்கள் இருந்தால் அனுமதிகள் கூடுமே ஒழியக் கழியா. டிக்கெட்டில் உள்ள ஒரு புலத்தைப் படிக்க மட்டுமே என்று டெவலப்பர் ரோலில் பூட்டியிருந்தாலும், அதே ஆளிடம் உள்ள இன்னொரு ரோலில் பூட்டு இல்லையென்றால் அது திறந்தே இருக்கும். எங்களிடம் ஒரு டெவலப்பர் பல மாதங்கள் தம் டிக்கெட்டுகளைத் தாமே மூடிக்கொண்டிருந்தார். தோண்டிப் பார்த்தால், தாய்த் திட்டத்தில் அவர் இருந்த ஒரு குழுவுக்கு டெஸ்டர் ரோல் கொடுக்கப்பட்டிருந்தது. கிளைத் திட்டம் தாய்த் திட்டத்தின் உறுப்பினர்களைச் சுவீகரித்துக்கொண்டிருந்தது. அவருடைய பெயருக்கு எதிரே அந்த ரோலை எடுக்கப் போனால், மரபாக வந்தது என்று தேர்வுப்பெட்டி சாம்பல் நிறத்தில் நின்றது.

தறிக்காரன்:

இது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ரோல்கள் கூடத்தான் செய்யும் என்றால், 11 ரோல்களை மூன்று குழுக்கள் வழியாகவும் இரண்டு தலைமுறைத் திட்டங்கள் வழியாகவும் விநியோகிக்கும் இடத்தில், யாரிடம் என்ன இருக்கிறது என்று எவராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரோல் என்பது வேலையின் பெயராக இருக்க வேண்டும். எங்களிடமோ அது பாதி இடங்களில் ஓர் ஆளின் பெயராகிவிட்டது. 'மூத்த டெவலப்பர்' ரோலை உருவாக்கியதே ஒருவருடைய மனக்குறையைத் தீர்க்கத்தான், அவர் வேலையை விட்டுப்போயே இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் குறியீட்டை எழுதியவரே டிக்கெட்டை மூடக் கூடாது என்ற ஓர் இடத்தில் தோற்றுவிட்டேன். எங்கள் சப்போர்ட் வேலைக்கு அது தேவையில்லை. ஊதியக் கணக்கு மென்பொருளுக்குத் தேவை.

இந்த வாரம் செய்தவை: மேலாளர், டெவலப்பர், டெஸ்டர், வாடிக்கையாளர், பார்வையாளர் என ஐந்து ரோல்கள். முன்னைய நான்கில் உறுப்பினரை இரண்டாகப் பிரித்ததுதான் வேறுபாடு, அதுவும் மூடும் கட்டத்தில் மட்டும். மற்ற நகர்வுகள் இருவருக்கும் திறந்திருக்கின்றன. கிளைத் திட்டங்களில் உறுப்பினரைச் சுவீகரிப்பதை நிறுத்திவிட்டேன். பிறருடைய குறிப்பைத் திருத்தும் அனுமதி எந்த ரோலுக்கும் இல்லை. நேரப் பதிவைத் திருத்துவது மேலாளருக்கு மட்டும். டெவலப்பர்கள் தம்முடையதைக்கூடத் திருத்த முடியாது என்பதால் இரண்டு நாளாக என் மேசைக்கு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். அட்மின்கள் ஒன்பதிலிருந்து இரண்டு. அந்த டெஸ்டர் தம்முடைய அட்மின் பறிபோனதைக் கவனிக்கவே இல்லை.

கல்வெட்டு:

நேரப் பதிவில் என்னைவிடக் கடுமையாகப் போய்விட்டீர்கள். தம்முடைய பதிவைத் திருத்தும் அனுமதியைத் திருப்பிக் கொடுங்கள். பில் போகும் நாளில் மேலாளர் அறிக்கையை இறக்கி எடுத்து வைத்துக்கொண்டால் போதும், பின்னர் எது மாறினாலும் ஒப்பிட்டுவிடலாம். இல்லையென்றால் உங்கள் மேசைக்கு வருபவர்களில் ஒருவரை அடுத்த மாதம் மேலாளர் ஆக்கிவிடுவீர்கள்.

விலகிப்போன அந்த மூத்த டெவலப்பரின் கணக்கை அழித்துவிடாதீர்கள், பூட்டி மட்டும் வையுங்கள். அழித்தால் அவர் எழுதிய டிக்கெட்டுகளும் குறிப்புகளும் 'அநாமதேயர்' பெயருக்குப் போய்விடும்.

தறிக்காரன்:

நல்ல வேளை, நேற்று மாலை அதைத்தான் செய்ய இருந்தேன். பூட்டிவிட்டேன். நேரப் பதிவைத் திங்கட்கிழமை மாற்றுகிறேன், பந்தியிலிருந்து அல்ல.