கூரைக்குள் நிற்கும் நடுக்காலை அறுத்து அகற்றலாமா?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். கடற்கரைப் பக்கமாக உள்ள எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. சீலிங்குக்கு மேலுள்ள வெளியில் பலகை அடித்து, பிள்ளைகளின் புத்தகங்களையும் பெட்டிகளையும் வைக்க ஓர் அறை அமைக்க விரும்புகிறோம். அங்கே சுவருக்குச் சுவர் மூன்று தீராந்திகள் (குறுக்கே கிடக்கும் பெரிய மரங்கள்) கிடக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் முகடு வரை ஒரு கால் நிற்கிறது. அதன் அடியிலிருந்து சாய்வாக இரண்டு கட்டைகள் இரு பக்கத்துக் கைமரங்களுக்கும் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களுக்கும்) செல்கின்றன. இவற்றால் உள்ளே நடமாடவே முடியவில்லை. காலையும் சாய்கட்டைகளையும் அறுத்துவிட்டு, முகட்டுக்குக் கீழே தடித்த வளையொன்றைப் போட்டால் போதும் என்று தச்சுப் பாஸ் சொல்கிறார். செய்யலாமா?

மறுமொழி 1 (கட்டடப் பொறியியலாளர்)

தயவுசெய்து இப்போதைக்கு எதையும் அறுக்க வேண்டாம். நீங்கள் விவரிப்பது ஒரு முழு முக்கோணச் சட்டம். நடுக்கால் தீராந்தியின் மேல் நின்று முகட்டைத் தாங்குவதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்; உண்மையில் அது முகட்டிலிருந்து தொங்கிக்கொண்டு, தீராந்தி நடுவில் தொய்யாதபடி மேலே பிடித்திருக்கிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள் போவின் குறியீடு என்ற வரைபட முறையைக் கொண்டு கோல்களில் இழுவையா (இழுக்கும் விசையா) உதைப்பா (அமுக்கும் விசையா) என்று கண்டுபிடித்தது நினைவிருக்கும். அந்தக் கணக்கின்படி இங்கே நடுக்காலிலும் தீராந்தியிலும் இருப்பது இழுவை; கைமரங்களிலும் சாய்கட்டைகளிலும் இருப்பது உதைப்பு. காலின் அடியில், தீராந்தியைச் சுற்றி இரும்புப் பட்டையொன்று பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும் காலுக்கு அப்படியொரு பட்டை தேவைப்படாது.

சாய்கட்டையை எடுத்தால் கைமரம் நடுத்தாங்கலை இழக்கும். சீராகப் பரவிய சுமையைத் தாங்கும் மரமொன்றின் தாங்கலிடை இரட்டிப்பானால் வளைவுத் திருப்பம், அதாவது மரத்தை வளைக்க முயலும் தாக்கம், 4 மடங்காகும், தொய்வோ 16 மடங்காகும். கலிகட் ஓடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 40 கிலோ வரும்; 60 சதுர மீற்றர் கூரையென்றால் ஓடு மட்டுமே இரண்டு தொன்னுக்கு மேல், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். தீராந்தியை வெட்டுவது இதைவிடப் பாரதூரமானது, ஏனென்றால் கைமரங்களின் அடிகள் சுவர்களை வெளியே தள்ளாமல் கட்டி வைத்திருப்பது அதுதான். அதை மேலே உயர்த்திக் கட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சுவரிலிருந்து முகடு வரையுள்ள உயரத்தின் கீழ் மூன்றிலொரு பகுதியைத் தாண்டினால் அந்தக் கட்டு பெரிதாகப் பயன் தராது.

பாஸ் சொல்வது முற்றிலும் பிழையென்று நான் கூறமாட்டேன். இரு முனைச் சுவர்களிலும் உறுதியாக அமர்ந்த முகட்டு வளை கூரையைத் தாங்கக்கூடியதே. ஆனால் மூன்று சட்டங்கள் உள்ள வீட்டின் நீளத்துக்கு அது பெரும்பாலும் இரும்பு வளையாகவே அமையும்; அதன் முனைகளுக்குக் கீழே சுவரும் அத்திவாரமும் அந்தச் சுமையை ஏற்குமா என்பதையும் கணக்கிட்டாக வேண்டும்.

மறுமொழி 2 (கொட்டாஞ்சேனை)

எங்கள் வீட்டில் இத்தகைய வேலை நடந்தபோது, நடுவில் பார்வைக்குத் திடமாயிருந்த தீராந்தியின் சுவருக்குள் புகுந்த முனை உளுத்துப் போயிருந்தது. திருப்புளியால் குத்தியபோது தும்பு தும்பாக உதிர்ந்தது. பீலி ஒழுகும் இடத்தில் சுவர் ஈரமாகி, அங்கேதான் கறையானும் ஏறுகிறது. ஆகவே, எதைத் தீர்மானிப்பதற்கு முன்னும் ஒவ்வொரு முனையையும் குத்திப் பாருங்கள். நீங்கள் கடற்கரைப் பக்கம் என்பதால் பட்டைகளும் ஆணிகளும் உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும். அவற்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டின் கீழ் அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் அதைத் துளையிடவோ அறுக்கவோ விடாதீர்கள், அந்தத் தூசு சுவாசப்பைக்குக் கேடு.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னதுபோல் பட்டை இருக்கிறது. மூன்றில் ஒன்று துருவேறித் தகடு தகடாகக் கழன்று வருகிறது. எதையும் அறுக்காமல், தீராந்திகளின் மேலேயே பலகை அடித்துப் பாவிக்கலாமா?

மறுமொழி 1

அதுவும் கூடாது. அந்தத் தீராந்திகள் கூரைக்கும் சீலிங்குக்கும் போடப்பட்டவை. குடியிருப்பு அறையின் தளத்துக்குப் பிரித்தானிய நியமங்களில் சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ சுமை கொள்ளப்படுகிறது. நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் அதையும் எளிதில் மீறிவிடும். சட்டங்களைத் தொடாமல், அவற்றுக்கு இடையே சுவருக்குச் சுவர் தனி வளைகளைப் போட்டுத் தளம் அமைப்பதே நல்ல வழி. நடுக்கால்களுக்கு இடைப்பட்ட பகுதிகளை இரண்டு சிறு அறைகளாகப் பாவிக்கலாம். தளமோ கூரை மாற்றமோ, பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் வரைபடத்துடன் கொழும்பு மாநகர சபையில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அது அவசியம்.

கழன்று வரும் பட்டையை இந்த வாரமே கவனியுங்கள். தீராந்தியின் நடுவுக்குக் கீழே, சீலிங்கைத் திறந்து, நிலம்வரை இரும்பு முட்டுக்கால் கொடுத்த பிறகுதான் பழைய பட்டையைக் கழற்ற வேண்டும்; புதியதை நாக முலாமிட்ட இரும்பில் செய்வியுங்கள்.