பணம் வந்து சேர்ந்தது, இனி ஆள் வேண்டும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு, வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக்கடையில் வேலை பார்க்கும், வழிப்பறியில் கையில் வெட்டுப்பட்ட நம் தம்பிக்காக நீங்கள் அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஒரே இரவில் கைகொடுத்தீர்கள். ஆனால் பத்து நாளாக அவனோடு அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவனுக்கு இப்போது வேண்டியது கூடவே வர ஓர் ஆள்.

போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கப் போன இரவு, அவனுக்கு வலது கை முழுக்கக் கட்டு. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பையைப் பறித்ததை மட்டும் சொன்னான். அவர்கள் வெட்டிய பாராங்கத்தியை, அந்த நீண்ட வெட்டுக்கத்தியை, பற்றி வாய் திறக்கவில்லை. அவ்வளவு பயம். போலீஸார் மலாயில் எழுதிப் படித்துக் காட்டியபோது, புரியாமலே தலையாட்டினான். கையெழுத்துப் போடும் முன் நான் குறுக்கிட்டு, வெட்டியதையும் எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். ஆயுதத்தோடு கொள்ளையடித்தால் சட்டத்தில் தண்டனை கடுமை. அந்த ஒரு வரி விடுபட்டிருந்தால் வழக்கே வேறாகியிருக்கும்.

இனிதான் நீண்ட வேலை. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவுப்படி, இதுபோன்ற வழக்கில் 4 வாரம் கழிந்ததும் விசாரணை நிலவரத்தைப் புகார் கொடுத்த நிலையத்திலேயே கேட்கலாம். விசாரணைக்குக் கெடுதல் வராத அளவில் 2 வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ஆள் பிடிபட்டுக் குற்றம் உறுதியானால், தண்டனைக்கு முன் தான் பட்ட பாட்டை நீதிமன்றத்தில் சொல்ல 183ஏ பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். 426-ஆம் பிரிவில் இழப்பீடும் கோர வழியுண்டு. தனியாளாக நின்று இதையெல்லாம் யார் கேட்பார்கள்?

நம் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. அடி வீட்டுக்குள்ளேயே விழுந்தாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் அதற்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது; 15999 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். கூடப் போக அக்காமார் இருவர் முன்வந்திருக்கிறார்கள். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்.

ஊரில் அவன் அம்மாவிடம் யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். கட்டுப் பிரித்ததும் அவனே பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை காலை தையல் பிரிக்கிறார்கள். அன்று எனக்கு விடுப்பு இல்லை. மலாய் சரளமாகப் பேசுபவர், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர் யாராவது ஒருவர் இன்றிரவுக்குள் பதில் எழுதுங்கள்.